ஒன்பது பெயர்கள் செதுக்கிய சுவர்

பிலடெல்பியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலிக்குப் புது டாக்டர் கொடுத்த தைலம் கேட்கிறதா என்று எழுது. போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுகிறாள். அத்தானுக்கு நான் அனுப்பிய மூக்குக்கண்ணாடிக் கூடு வந்து சேர்ந்ததா?

போன வாரம் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அது ஆறு நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போர்ப் பாடம். மனிதர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று தாமஸ் ஜெபர்சன் 1776-இல் எழுதினார் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் எழுந்து, "அவர் வீட்டுலயே அடிமைங்க இருந்தாங்களாமே டீச்சர், அப்போ அந்த 'யாவரும்'ல யார் யாரு டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பு சிரித்ததாம். "அந்தக் காலம் அப்படிடா, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனதாகவும், அன்று முழுக்க மனசு ஆறவில்லை என்றும் சொன்னாய். நானும் என் பங்குக்கு, "ஆமாக்கா, அந்தக் காலம் அப்படித்தானே" என்றேன்.

அக்கா, அது தப்பு. பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான், ஜெபர்சனின் மான்டிசெல்லோ என்ற பண்ணை வீடுகளை இரண்டு முறை சுற்றிப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கடிதங்களை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்திருக்கிறேன். அப்படியிருந்தும் வாய்க்கு வந்த சமாதானத்தைச் சொல்லிவிட்டேன். "அந்தக் காலம் அப்படி" என்ற சொல்லை நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று இந்த ஊர்க் கதையை மட்டும் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் அதற்காகவே ரயிலேறி நகரத்துக்குப் போனேன். ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் முனை. 1790 முதல் 1800 வரை பிலடெல்பியாதான் தலைநகரம். வாஷிங்டன் ஜனாதிபதியாகக் குடியிருந்த வீடு அங்கேதான் இருந்தது. வீடு எப்போதோ இடிபட்டுப் போயிற்று. 2007-இல் தோண்டிப் பார்த்தபோது அடித்தளம் தெரிந்தது. 2010-இல் அதே இடத்தில், கூரையில்லாமல், சுவரும் ஜன்னல் சட்டமும் மட்டுமாக ஒரு நினைவிடம் எழுப்பினார்கள். சில அடி தள்ளி, கண்ணாடிக் கட்டடத்துக்குள் விடுதலை மணி. உன் பாடப்புத்தகத்தில் படம் இருக்குமே, விரிசல் விட்ட மணி, அதுதான். மணியைப் பார்க்க எப்போதும் நீண்ட வரிசை. இந்த வெற்றுச் சுவர்ப் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

சுவரில் ஒன்பது பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆஸ்டின், பாரிஸ், ஹெர்குலீஸ், கிறிஸ்டபர் ஷீல்ஸ், ரிச்மண்ட், கைல்ஸ், மால், ஜோ, ஓனா ஜட்ஜ். ஜனாதிபதி வீட்டில் சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், அம்மாளுக்குத் தலை வாரிவிட்டவர்கள். ஒன்பது பேரும் வாஷிங்டன் குடும்பத்தின் அடிமைகள்.

வாஷிங்டனுக்கு அப்பா இறந்தபோது 11 வயது. உயிலில் அவர் பங்குக்கு வந்ததில் பத்து மனிதர்களும் அடக்கம். 1759-இல் மார்த்தா என்ற விதவையை மணந்தார். மார்த்தாவின் முதல் கணவர் பெரும் பணக்காரர், உயில் எழுதாமல் இறந்தவர். அந்தச் சொத்தில் மார்த்தாவுக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும் உண்டு. அவருக்குப் பிறகு எல்லாம் முதல் கணவரின் வாரிசுகளுக்குப் போய்விடும். எல்லாம் என்றால் நிலமும் மனிதர்களும். ஓனா அப்படி வந்தவள். இந்தச் சட்டச் சிக்கலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

பென்சில்வேனியாவில் 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. வெளி மாநிலத்தார் யாராவது அடிமையோடு இங்கே வந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமை விடுதலை கேட்கலாம். அட்டர்னி ஜெனரலாக இருந்த எட்மண்ட் ராண்டால்பின் வேலையாட்களே அப்படிக் கேட்டுப் போய்விட்டார்கள். அவர்தான் வாஷிங்டன் வீட்டாரை எச்சரித்தார். வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? 1791 ஏப்ரலில் தம் செயலர் டொபயஸ் லியருக்கு எழுதினார்: ஆறு மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவரையும் ஏதாவது சாக்குச் சொல்லி மாநில எல்லைக்கு வெளியே ஒரு நடை அனுப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும், விஷயம் அவர்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது, உமக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்திருக்கட்டும்.

அக்கா, இந்த ஒரு கடிதம் போதும். "அந்தக் காலம் அப்படி" என்பது உண்மையானால் எதற்காக மறைக்க வேண்டும்? ஊர் முழுக்க சாதாரணமாக நடக்கிற ஒன்றை யாராவது ஒளித்துச் செய்வார்களா? லியர் பதில் எழுதும்போதே, இவர்களுக்கு ஒருநாள் விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு மனிதனின் அடிமைத்தனத்தை நீட்டிக்கும் காரியத்தில் கை வைத்திருக்க மாட்டேன் என்று சேர்த்தே எழுதுகிறார். செய்யச் சொன்னவருக்கும் தெரிந்திருந்தது, செய்தவருக்கும் தெரிந்திருந்தது.

ஓனாவுக்கும் தெரிந்திருந்தது. இந்த நகரத்தில் சுதந்திரமான கறுப்பின மக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களோடு பழகினாள். 1796-இல் மார்த்தாவின் பேத்தி எலைசாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. (மாப்பிள்ளை தாமஸ் லா. பீகாரில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து பணம் சேர்த்துக்கொண்டு இங்கே வந்தவர். உனக்கு இது சுவையாக இருக்கும் என்று எழுதுகிறேன்.) முன்கோபத்துக்குப் பேர்போன அந்தப் பேத்திக்குத் தன்னைக் கொடுத்துவிடப்போகிறார்கள் என்று ஓனாவுக்குத் தெரிய வந்தது. வீட்டில் எல்லாரும் வெர்ஜீனியாவுக்குப் புறப்பட மூட்டை கட்டினார்கள். அவளும் மூட்டை கட்டினாள். அவள் கட்டியது வேறு பயணத்துக்கு. தன் சாமான்களை முன்கூட்டியே தோழிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மே 21-ஆம் தேதி, வாஷிங்டன் தம்பதி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது வாசல் வழியாக வெளியே நடந்தாள். வயது இருபத்திரண்டு இருக்கலாம்.

பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பிடித்துக் கொடுத்தால் பத்து டாலர். அவள் அதற்குள் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் ஊருக்குப் போய்விட்டாள். அங்கே வாஷிங்டன் குடும்பத்துக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அவளைத் தெருவில் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். சுங்க அதிகாரி ஜோசப் விப்பிள் மூலம் ஜனாதிபதி தூது விட்டார். விப்பிள் நல்ல மனிதர், ஓனாவிடம் பேசிப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதினார். உங்கள் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று வாக்குக் கொடுத்தால் அவள் திரும்பி வரத் தயார் என்றார். வாஷிங்டன் மறுத்துவிட்டார். ஓடிப்போனவளுக்கு அப்படிச் சலுகை காட்டினால், ஓடாமல் விசுவாசமாக இருக்கும் மற்றவர்களின் மனசு கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். 1799-இல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் அவளை வலுக்கட்டாயமாகத் தூக்கி வரப் போனார். அவர் விருந்தாளியாகத் தங்கிய வீடு செனட்டர் ஜான் லாங்டனுடையது. அந்த வீட்டிலிருந்தே ஓனாவுக்குச் செய்தி போய்விட்டது. கைக்குழந்தையோடு பக்கத்து ஊருக்குத் தப்பினாள்.

அதன்பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் வாழ்ந்தாள். கணவன் போனான், பெண் பிள்ளைகள் இருவரும் அவள் கண் முன்னாலேயே போனார்கள். கடும் வறுமை. 1840-களில் இரண்டு பத்திரிகைகளுக்காக அவளைத் தேடிப் போய்ப் பேசினார்கள். ஜனாதிபதி வீட்டை விட்டு இத்தனை கஷ்டத்துக்கு ஓடி வந்ததில் வருத்தம் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை, நான் சுதந்திரமானவள் என்றாள். எழுதப் படிக்கக் கற்றதையும் கடவுளை அறிந்ததையும் பெரிய பேறாகச் சொன்னாள். 1848-இல் இறக்கும்வரை சட்டப்படி அவள் ஓடிப்போன அடிமைதான். வாஷிங்டன் உயிலில் விடுதலை எழுதினாலும் அது அவளுக்குச் செல்லாது. அவள் மார்த்தாவின் முதல் கணவர் வீட்டுச் சொத்து.

ஹெர்குலீஸ் கதை இன்னும் சுருக்கம். ஜனாதிபதி வீட்டுத் தலைமைச் சமையற்காரர். ஊரே பேர் சொல்லும் கைமணம். அவரை மவுண்ட் வெர்னானுக்குத் திருப்பி அனுப்பி மண் வெட்டவும் கல் உடைக்கவும் விட்டார்கள். 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65-ஆவது பிறந்தநாள், அன்று அவர் காணாமல் போனார். சில வாரம் கழித்து அங்கே வந்த ஒரு பிரெஞ்சுப் பயணியின் வேலையாள், ஹெர்குலீஸின் சின்ன மகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாமல் வருத்தமாக இருக்குமே என்றான். இல்லை, ரொம்ப சந்தோஷம், அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாளாம் அந்தக் குழந்தை. இதை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன், அக்கா.

வாஷிங்டனின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1799 ஜூலையில் தம் கையாலேயே உயில் எழுதினார். தமக்கே சொந்தமான 123 பேரும் மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை பெற வேண்டும், முதியவர்களுக்குச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும், பெற்றோர் இல்லாத சிறுவர்களுக்கு எழுத்தும் தொழிலும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். போர்க்களம் முழுக்கக் கூடவே வந்த வில்லியம் லீக்கு உடனடி விடுதலையும் வருஷத்துக்கு 30 டாலரும். அடிமை வைத்திருந்த விடுதலைத் தலைவர்களில் முன்வரிசையில் நின்ற வெர்ஜீனியாக்காரர்களில் வேறு எவரும் இந்த அளவு செய்யவில்லை. டிசம்பரில் அவர் இறந்தார். தன் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கும் வீட்டில் தன் உயிருக்குப் பாதுகாப்பு இருப்பதாக மார்த்தாவுக்குத் தோன்றவில்லை என்று அவரைப் பார்த்துவிட்டு வந்த அபிகெய்ல் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1-ஆம் தேதியே மார்த்தா அவர்களை விடுவித்துவிட்டார். ஆனால் மவுண்ட் வெர்னானில் மொத்தம் 317 பேர். மார்த்தா பக்கத்து 153 பேர் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போனார்கள். இரண்டு பக்கத்தாரும் பல வருஷமாக ஒருவருக்கொருவர் மணம் செய்துகொண்டவர்கள். விடுதலையான கணவன் வாசலில் நிற்க, மனைவியும் பிள்ளைகளும் வேறு வேறு வீட்டுக்குப் பிரிந்து போனார்கள்.

இனி உன் வகுப்புப் பையன் கேட்ட ஜெபர்சன். அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமில்லை. காலேஜில் அவர் எழுத்தைப் படித்து மயங்கியவன் நான். உனக்கே தெரியும், அவர் படத்தை மேஜையில் ஒட்டி வைத்திருந்தேன்.

1776 கோடையில் மார்க்கெட் தெருவில் ஒரு செங்கல் வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு விடுதலைப் பிரகடனத்தை எழுதினார். அவருக்கு வேண்டிய பணிவிடை செய்துகொண்டு கூடவே இருந்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ். 14 வயது. ஜெபர்சன் மனைவியின் தகப்பனுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவன், அதாவது அவர் மனைவிக்கே தம்பி. உறவுமுறையில் மைத்துனன், சட்டத்தில் சொத்து. சமத்துவத்தைப் பற்றிய அந்த வரி காகிதத்தில் ஏறிய நாட்களில் அவருக்குத் தண்ணீர் எடுத்து வைத்தவன் அந்தப் பையன்.

ஜெபர்சன் முதலில் எழுதிய நகலில் அடிமை வியாபாரத்தை மனித இயல்புக்கே எதிரான கொடுமை என்று சாடி ஒரு நீண்ட பத்தி இருந்தது. பழி முழுவதையும் இங்கிலாந்து மன்னர் தலையில் போட்டிருந்தார். காங்கிரஸ் அதை அடித்துவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒப்பவில்லை என்று பிறகு எழுதினார். அடிமை முறை ஆண்டானையும் கொடியவனாக்குகிறது, பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள் என்று வெர்ஜீனியா பற்றிய தம் நூலிலும் எழுதினார். அதே நூலில் கறுப்பின மக்கள் அறிவில் குறைந்தவர்களாக இருக்கலாம் என்றும் எழுதினார். 1807-இல் ஜனாதிபதியாக, வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1808 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. இவையெல்லாம் ஒரு பக்கம்.

மறுபக்கம் அவர் கணக்குப் புத்தகம். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களைச் சொத்தாக வைத்திருந்தார். வீட்டை ஒட்டி ஓர் ஆணிப் பட்டறை. 10 முதல் 16 வயது வரையுள்ள பையன்கள் அங்கே வேலை. யார் எவ்வளவு இரும்பு எடுத்தான், எவ்வளவு ஆணி அடித்தான், எவ்வளவு வீணாக்கினான் என்று அவரே எடை போட்டுக் கணக்கு எழுதினார். 1820-இல் மருமகனுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிற பெண், பண்ணையின் தலைசிறந்த ஆணைவிட லாபம்; அவன் உழைப்பு சாப்பாட்டோடு தீர்ந்துவிடும், அவள் பெறுவது முதலில் சேரும் என்று எழுதுகிறார். சமத்துவ வரியை எழுதிய அதே கை எழுதியதுதான் இந்த வரியும்.

ராபர்ட்டின் தங்கை சாலி ஹெமிங்ஸ். 1787-இல் ஜெபர்சனின் மகளுக்குத் துணையாகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டாள். அவளுக்கு 14, அவருக்கு 44. பிரான்ஸில் அவள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். திரும்பி வர மறுத்தாள் என்றும், உனக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகே 16 வயதில் கர்ப்பிணியாகத் திரும்பினாள் என்றும் அவள் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் அதைப் பொய் என்றார்கள். 1998-இல் மரபணுச் சோதனை வந்தது. 2000-இல் மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளையே ஆராய்ந்து, அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெரும்பாலும் ஜெபர்சன்தான் என்று ஏற்றுக்கொண்டது. இப்போது அங்கே சாலிக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அவள் உருவப்படம் ஒன்றுகூட இல்லாததால் சுவரில் ஒரு நிழல் மட்டும் விழுகிறது. அந்த உறவை எந்தப் பெயரிட்டும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மறுப்பதற்கு உரிமையே இல்லாத ஒருத்தியின் சம்மதத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது?

தாம் அகப்பட்டுக்கொண்ட நிலையைப் பற்றி அவர் எழுதியது பிரபலம். நாம் புலி வாலைப் பிடித்த கதை என்போமே, அவர் ஓநாயின் காதைப் பிடித்த கதை என்றார். வைத்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஆனால் பக்கத்திலேயே விட்டவர்கள் இருந்தார்கள், அக்கா. உன் பையனிடம் நீ அவசியம் சொல்ல வேண்டியது இது. வெர்ஜீனியாவில் 1782-லிருந்து ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், அடிமையை விடுவிக்கலாம். ராபர்ட் கார்ட்டர் என்பவர் பெரும் பண்ணையார். 1791-இல் நீதிமன்றத்துக்குப் போய், 450-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்கப் பத்திரம் பதிந்தார். அக்கம்பக்கத்தார் பகைத்தார்கள், அவர் நிறுத்தவில்லை. அவர் பெயர் உன் பாடப்புத்தகத்தில் இருக்காது.

எட்வர்ட் கோல்ஸ் இன்னும் நெருக்கம். ஜெபர்சனின் அண்டை ஊர்க்காரர், ஜனாதிபதி மாடிசனின் செயலர், இளைஞர். 1814-இல் ஜெபர்சனுக்கே எழுதினார்: நீங்கள் முன்னின்றால் நாடு கேட்கும், தலைமை தாங்குங்கள். ஜெபர்சன் பதிலில் உருக்கம் இருந்தது. ஆனால் எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் காரியம், நீயும் உன் ஆட்களைக் கைவிடாமல் வைத்துக் காப்பாற்று என்று முடித்துவிட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின் உங்களைவிட முதிர்ந்த வயதில்தானே இதற்காகப் பாடுபட்டார் என்று கோல்ஸ் திருப்பி எழுதினார். 1819-இல் தம் அடிமைகளோடு மேற்கே புறப்பட்டார். ஒஹையோ ஆற்றில் படகு போய்க்கொண்டிருக்கும்போது எல்லாரையும் கூட்டி, இந்த நிமிஷம் முதல் நீங்கள் சுதந்திரமானவர்கள் என்றார். இல்லினாய்ஸில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார். பிறகு அந்த மாநிலத்துக்கே கவர்னராகி, அங்கே அடிமை முறையைச் சட்டமாக்க நடந்த முயற்சியை முறியடித்தார்.

ஜெபர்சனின் நண்பர், போலந்து நாட்டுத் தளபதி கோஸ்சியுஸ்கோ, தம் அமெரிக்கப் பணத்தை அடிமைகளை விடுவிக்கவே செலவிடும்படி உயில் எழுதி ஜெபர்சனையே பொறுப்பாளராக வைத்தார். 1817-இல் அவர் இறந்தபோது ஜெபர்சன் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அப்போதும் வயதுதான் காரணம்.

1826 ஜூலை 4, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளிலேயே ஜெபர்சன் இறந்தார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை, ஐவரும் ஹெமிங்ஸ் குடும்பம்; சாலியின் பெயர் அதில் இல்லை. விடுதலையானவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசப் பாசெட். அவர் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை இல்லை. 1827 ஜனவரிக் குளிரில் மான்டிசெல்லோ புல்வெளியில் 130 பேர் ஏலத்துக்கு நின்றார்கள். ஜோசப்பின் மகன் பீட்டருக்கு 11 வயது. தான் குதிரையைப் போல விற்கப்படப்போவது அதுவரை அவனுக்குத் தெரியாது. அவன் விடுதலை பெற்றது 1850-இல். பிறகு சின்சினாட்டியில் சமையல் தொழிலிலும் திருச்சபையிலும் பெயர் பெற்றார். 1900-இல், முதியவராக, தாம் பிறந்த அந்த மான்டிசெல்லோ மலையை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் புல்வெளியில் இப்போது பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். என் மகளும் ஓடினாள். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியல் சாசனத்தின் தந்தை என்று உன் புத்தகம் சொல்லும் ஜேம்ஸ் மாடிசன், 1783-இல் பில்லி என்ற தம் பணியாளை வெர்ஜீனியாவுக்குத் திரும்பக் கூட்டிப் போகாமல் பிலடெல்பியாவிலேயே விற்றுவிட்டார்; அப்போது இங்கிருந்த சட்டப்படி ஏழு வருஷத்துக்கு மேல் விற்க முடியாது. காரணத்தைத் தகப்பனாருக்கு எழுதுகிறார்: சுதந்திரக் காற்று பட்டவனை மற்ற அடிமைகளோடு சேர்த்தால் அவர்கள் மனசும் மாறும். நாம் இத்தனை ரத்தம் சிந்திப் பெற்ற சுதந்திரத்தைத்தானே அவனும் விரும்பினான், அதற்காக அவனை எப்படித் தண்டிப்பது என்றும் அதே கடிதத்தில் கேட்கிறார். பேட்ரிக் ஹென்றி, சுதந்திரம் இல்லையேல் சாவு என்று முழங்கியவர், அதற்கு இரண்டு வருஷம் முன்பு 1773-இல் ஒரு நண்பருக்கு எழுதினார்: அடிமைகள் இல்லாமல் வாழ்வது அசௌகரியமாக இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன், இதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அசௌகரியம், அக்கா. ஹென்றி அளவுக்கு உண்மையாக வேறு யாரும் சொல்லவில்லை.

1787-இல் சாசனம் எழுத இங்கே கூடிய 55 பேரில் ஏறக்குறைய 25 பேர் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஐந்து அடிமைகளை மூன்று ஆளாகக் கணக்கிட்டுத் தென் மாநிலங்களுக்குக் காங்கிரசில் கூடுதல் இடங்கள் கொடுத்தார்கள். ஓடிப்போனவர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் சாசனம் முழுக்கத் தேடினாலும் அடிமை என்ற சொல் கிடையாது. "மற்ற நபர்கள்" என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். 1865-இல் அடிமை முறையை ஒழித்த திருத்தத்தில்தான் அந்தச் சொல் முதன்முறையாக உள்ளே வருகிறது. 1790 கணக்கெடுப்பின்படி அந்த "மற்ற நபர்கள்" ஏழு லட்சத்துக்குச் சற்றே குறைவு.

மாடிசன் யாரையும் விடுவிக்காமலே 1836-இல் இறந்தார். சாகும்போது கூட இருந்தவர் பணியாள் பால் ஜென்னிங்ஸ். பிறகு செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் கொடுத்த பணத்தில் விடுதலை வாங்கி, மாதம் எட்டு டாலர் வீதம் உழைத்துக் கழித்தார். மாடிசனின் விதவை டாலி வறுமையில் வாடியபோது, அவரிடம் அடிமையாக இருந்த அதே ஜென்னிங்ஸ் தம் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பெருமையில்லாமல் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்.

பிராங்க்ளினும் ஒரு காலத்தில் அடிமை வைத்திருந்தவர், தம் பத்திரிகையில் ஓடிப்போனவர்களைத் தேடும் விளம்பரங்களுக்குக் காசு வாங்கியவர். ஆனால் மாறினார். 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார், ஏப்ரலில் இறந்தார். 84 வயது. கோல்ஸ் ஜெபர்சனுக்குச் சுட்டிக்காட்டியது இதைத்தான். ஜான் ஆடம்ஸ் கடைசிவரை அடிமை வைத்திருக்கவில்லை; முதல் ஐந்து ஜனாதிபதிகளில் அவர் ஒருவர்தான்.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள், அப்படியானால் அந்த வரியே பொய்யா டீச்சர் என்று கேட்பார்கள். அதற்கு மசாசூசெட்ஸில் பெட் என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல். எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த மாநிலத்துக்கு 1780-இல் ஆடம்ஸ் வரைந்த சாசனத்திலும் எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று இருந்தது. பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்கியவள், எஜமானி காய்ச்சிய இரும்புக் கரண்டியால் அடித்த பிறகு வீட்டை விட்டு வெளியேறி, தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போய், அந்த 'எல்லாரிலும்' நானும் உண்டுதானே என்று வழக்குப் போடச் சொன்னாள். 1781-இல் ஜெயித்தாள். முப்பது ஷில்லிங் நஷ்ட ஈடும் கிடைத்தது. எலிசபெத் ஃப்ரீமன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டாள். ஃப்ரீமன் என்றால் சுதந்திர மனிதன். எழுதியவர்கள் அந்த வரிக்கு எவ்வளவு இடம் விட்டார்களோ தெரியாது. பெட் அதை முழுசாக எடுத்துக்கொண்டாள். உன் பையன் கேட்டதும் அவள் கேட்ட கேள்விதான்.

ஹாரியைப் பற்றியும் ஒரு வரி. மவுண்ட் வெர்னானில் குதிரை பார்த்தவர். 1776-இல் ஓடிப்போய் இங்கிலாந்துப் படையில் சேர்ந்தார், அவர்கள்தான் விடுதலை தருவதாகச் சொன்னார்கள். போர் முடிந்து நோவா ஸ்கோஷியா, அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோன். 1800-இல் அந்தக் குடியேற்றத்தை நடத்திய கம்பெனி போட்ட நிலவரியை எதிர்த்துக் கிளர்ந்தவர்களில் அவரும் ஒருவர். வரியை எதிர்த்து எழுந்த ஹாரி வாஷிங்டன். அந்தப் பெயரோடுதான் அவரை நாடு கடத்தினார்கள்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். சுவரை எடுத்த படங்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், ஒன்பது பெயர்களும் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெரிதாக அச்சடிக்க முடியுமென்றால் அடித்து மாட்டு. அந்தப் பையனுக்கு வயது 14 என்றாய். மாடியில் தண்ணீர் எடுத்து வைத்த ராபர்ட்டின் வயதை நீ அவனிடம் சொல்ல மறக்காதே. அவன் பெயரையும் எனக்கு எழுது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவனைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தைலம் விஷயம் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தம்பி